இரண்டு பேர் திருப்பிய பாலிகை

கரமனை அக்கிரகாரத்தில் பிச்சுமணி என்ற பெயரில் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் சமையல் பிச்சுமணி, ஒருவர் செவிட்டுப் பிச்சுமணி, மூன்றாமவர் ராட்டினம் பிச்சுமணி. இது அந்த மூன்றாமவரின் கதை. காலேஜில் பச்சைப்பயறை ராட்டினத்தில் உட்கார்த்திச் சுற்றிவிட்டு, அதற்குச் சர்க்கார் சம்பளம் வாங்குகிற மனிதர் என்பது தெருவின் எண்ணம். எண்ணத்தில் பெரிய தப்பு ஒன்றும் இல்லை. தாவர இயல் ஆய்வுக்கூடத்தில் அவர் அட்டெண்டர். அங்கே சாவி கொடுத்தால் மெல்லச் சுழலுகிற கடிகார யந்திரம் ஒன்று இருந்தது. அதன் தக்கை வட்டத்தில் முளைவிட்ட பயறை ஊசியால் குத்தி வைப்பது அவருடைய ஜோலிதான்.

அந்த வேலை கிடைத்தது 1947-ல். அதற்கு முன் பதினோரு வருஷம் சாலைக் கடைவீதியில் தாணுலிங்கம் பிள்ளையின் தானியக் கடையில் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் ஈப்பன் சார் என்ற பேராசிரியர் உளுந்து வாங்க வந்தார். பிச்சுமணி ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, "திங்கறதுக்குன்னா எடுத்துக்கோங்கோ. முளைக்கப் போடறதுக்குன்னா வேண்டாம், போன வருஷத்துச் சரக்கு" என்றார். பேராசிரியர் உளுந்தை விட்டுவிட்டு ஆளை எடுத்துக்கொண்டார். தாணுலிங்கம் பிள்ளையும் தடுக்கவில்லை. கேட்காமலே உண்மை சொல்லுகிற ஆளைக் கடையில் வைத்துக்கொள்வது எந்த வியாபாரிக்கும் கஷ்டந்தான்.

காலேஜில் முதல் வருஷம் அவர் தொட்டி கழுவினார், மண் சலித்தார், கண்ணாடிக் குழாய்களைத் துடைத்தார். 1948 ஆடி மாசத்தில் ஒரு நாள் ஈப்பன் சார் இருட்டுப் பெட்டியைக் காட்டினார். உள்ளே கறுப்பு அடித்த மரப்பெட்டி. ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு சக்கரக் காசு அளவுக்கு ஓட்டை. காலையில் நெட்டுக்குத்தாக நின்ற கடுகு முளைகள் மத்தியானம் மூடியைத் திறந்தபோது அத்தனையும் ஓட்டையைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன. பிச்சுமணி தொட்டியை மறுபக்கம் திருப்பி வைத்தார். சாயங்காலம் பார்த்தால் பழையபடி ஓட்டைப் பக்கம். வெளிச்சம் பட்ட பக்கம் மெதுவாக வளருகிறது, படாத பக்கம் வேகமாக வளருகிறது, அதனால் தண்டு வெளிச்சத்தின் பக்கம் வளைகிறது என்று சார் சொன்னார். இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு எட்டிப் போட்டால் வண்டி மற்ற மாட்டின் பக்கம் திரும்புகிறதே, அப்படி என்று பிச்சுமணி புரிந்துகொண்டார். புரிந்தது சரிதான்.

அதற்கப்புறம் அந்த மனிதருக்கு ஆய்வுக்கூடம் சலிக்கவே இல்லை. தொட்டியைப் படுக்கப் போட்டால் மறுநாள் காலையில் தண்டு தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கும், வேர் மட்டும் தரைக்குத் திரும்பும். ராட்டினத்தில் சுற்றுகிற பயறுக்கு எது மேல், எது கீழ் என்று தெரியாமல் வேர் போன போக்கில் போகும். பாகற்கொடியின் பற்றுச்சுருளை நூலால் தடவிவிட்டுக் காபி குடித்து வந்தால் அது நுனியை வளைத்திருக்கும். கண் இல்லை, காது இல்லை, மூளை இல்லை, ஆனால் எங்கே போக வேண்டும் என்பதில் ஒன்றுக்கும் சந்தேகம் இல்லை. நம் தெருக்காரர்களைவிடத் தேவலை என்று பிச்சுமணி நினைத்துக்கொள்வார். நினைப்பதோடு சரி, வாயைத் திறக்க மாட்டார்.

அவரோடு இன்னொரு அட்டெண்டர் இருந்தார், கோலப்பன். நாஞ்சில் நாட்டுக்காரர், நாகர்கோவிலுக்குப் பக்கத்து ஊர். 1949-ல் இவர்கள் இருவரும் சேர்ந்து சாருடைய ஒரு வாரத்து வேலையைப் பாழாக்கினார்கள். ஜன்னலோரம் ஒரு வரிசைத் தொட்டி தினமும் அரை வட்டம் திருப்பப்பட வேண்டும். திருப்பினால்தான் செடி எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நிற்கும். காலையில் முதலில் வந்த பிச்சுமணி திருப்பினார். பின்னால் வந்த கோலப்பன், ஐயர் மறந்துவிட்டார் என்று நினைத்து அவரும் திருப்பினார். ஏழு நாளும் இப்படியே நடந்தது. எட்டாம் நாள் செடிகள் எல்லாம் ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

"நீரு மறந்து போனீருன்னுல்லா நெனச்சேன், அய்யரே!" என்று கோலப்பன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஈப்பன் சார் கத்தவில்லை. "ரண்டு பேரும் திரிச்சா ஆரும் திரிச்சிட்டில்ல, அத்ரயே உள்ளு" என்றார். இரண்டு பேர் திருப்பினால் யாருமே திருப்பவில்லை என்றுதான் அர்த்தம், அவ்வளவுதான். அன்றே ஜன்னல் கம்பியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கியது, நூலில் கட்டிய பென்சிலோடு. தொட்டியைத் திருப்புகிறவர் தொட்டியில் சாக்கட்டிக் குறி போட வேண்டும், நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஆய்வுக்கூடத்தில் பிச்சுமணி குறி போடாமல் ஒரு தொட்டியையும் தொட்டதில்லை.

வீட்டில் அவர் இதையெல்லாம் சொன்னதும் இல்லை. செருப்பை வாசலில் விடுகிற மாதிரி காலேஜையும் வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வருவார். கெட்ட மனிதர் இல்லை, முசுடும் இல்லை. வாயில் கொழுக்கட்டை. கேட்டால் பதில் சொல்வார், கேட்காவிட்டால் இல்லை. அவர் மனைவி சீதாலக்ஷ்மிக்குக் கேட்க வேண்டும் என்று தோன்றியதில்லை. அவள் மனசில் வேறொன்று இருபத்துமூன்று வருஷமாக உட்கார்ந்திருந்தது.

அதைச் சொல்ல வேண்டுமானால் பாலிகையைச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்குச் சில நாள் முன்பு பெண் வீட்டில் பாலிகை என்ற ஐந்து மண் கிண்ணங்களில் புற்றுமண் நிரப்பி, நெல்லும் உளுந்தும் பயறும் எள்ளும் கடுகும் விதைப்பார்கள். சுமங்கலிகள் வந்து பால் தெளிப்பார்கள். கல்யாணம் முடிந்ததும் முளைகளை ஆற்றில் கரைப்பார்கள். இது எல்லா ஊரிலும் உள்ளது. அந்தத் தெருவில் மட்டும் இன்னொன்று கூட இருந்தது. முளை எந்தத் திசையில் சாய்கிறது என்று பார்ப்பார்கள். வடக்கே சாய்ந்தால் குபேரன், தெற்கே சாய்ந்தால் எமன்.

தெருவில் இரண்டு வரிசை வீடுகள். எதிர்வரிசையான வடவரிசைப் பெண்களின் பாலிகை எப்போதும் வடக்கே சாயும். தென்வரிசைப் பெண்களுடையது பெரும்பாலும் தெற்கே சாயும். ‘பெண் எடுத்தால் வடவரிசை, பால் வாங்கினால் தென்வரிசை’ என்று அந்தத் தெருவில் ஒரு பேச்சே உண்டு. தென்வரிசைப் பெற்றோர்கள் முளை வரும் முன்பே பாலிகைக்கு மேல் கூடையைக் கவிழ்த்தும், ஆயிரம் வேண்டுதல் வைத்தும் பார்த்தார்கள். வீட்டைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சீதாலக்ஷ்மி தென்வரிசைப் பெண். 1933-ல் பத்து வீடு தள்ளி அதே வரிசைக்கு மருமகளாக வந்தாள். அவளுடைய பாலிகை தெற்கே சாய்ந்தது. மகள் விஜயலக்ஷ்மிக்கு முன்னால் ஒரு பிள்ளையும் பின்னால் ஒரு பெண்ணும் பிறந்து, வருஷம் திரும்பும் முன் போயின. இரண்டு தடவையும் பிச்சுமணியின் அம்மா கூடத்தில் உட்கார்ந்து, "பாலிகை அன்னிக்கே சொல்லித்து, நாமதான் கேக்கலே" என்றாள். திட்டவில்லை, அழுதுகொண்டுதான் சொன்னாள். திட்டியிருந்தால் சீதாலக்ஷ்மி மறந்திருப்பாள். அம்மா 1951-ல் போய்ச் சேர்ந்தாள், அந்தப் பேச்சு போகவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1948 ஆடியில், இருட்டுப் பெட்டியைப் பார்த்த அன்று சாயங்காலம், வீட்டுக்கு நடந்து வரும் வழியில் பிச்சுமணிக்கு இந்தப் பாலிகை விஷயம் ஞாபகம் வந்தது. தென்வரிசை வீடுகள் வடக்குப் பார்த்தவை. பாலிகை வைக்கிற அறையான சாமான் உள்ளுக்குப் பின்புறம், தெற்கே, ஒரே ஒரு ஜன்னல். ‘அட, இவ்வளவுதானா!’ என்று தனக்குள் சிரித்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தார், கை கால் கழுவினார், ரசஞ்சாதம் சாப்பிட்டார், படுத்தார். அவர் மனசில் கணக்குத் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் படுத்திருந்தவளுக்குத் தீரவில்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை.

1956 ஆவணியில் விஜயலக்ஷ்மிக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை சேஷன், கோட்டைக்குள் வீடு, செக்ரடேரியட்டில் குமாஸ்தா. நல்ல பையன். அவன் அப்பா சாம்பசிவனும் அத்தையும் பிறந்து வளர்ந்தது இதே கரமனைத் தெருவில், வடவரிசையில். அத்தைக்கு அந்தப் பெருமை கொஞ்சம் ஜாஸ்தி. தென்வரிசையில் பெண் எடுப்பது அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. பெண்ணின் மூக்கும் பாட்டும் பிடித்திருந்ததால் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். அதற்கு எட்டு நாள் முன்னால், சனிக்கிழமை, பாலிகையில் விதை தெளித்தார்கள். திங்கட்கிழமை கடுகு முளைத்தது, மறுநாள் மற்றவையும் தலை நீட்டின. பாலிகைகள் இருந்தது சாமான் உள்ளில், தெற்கு ஜன்னலுக்கு எதிரே. ஆண்கள் அவற்றைத் தொடக் கூடாது. ஆனால் பிச்சுமணியின் கை சும்மா இருக்குமா? ஒன்பது வருஷம் தொட்டி திருப்பிய கை. செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, சீதாலக்ஷ்மி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த நேரம், ஆற்றுக்குக் குளிக்கப் போகிறவர் போலத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த உள்ளுக்குள் நுழைந்தார். விளக்கு இல்லை. இருட்டிலேயே ஐந்து பாலிகையையும் கையால் தடவி, அரை அரை வட்டம் திருப்பி வைத்தார். சாக்கட்டிக் குறி போட முடியுமா? சுபகாரியத்துக்கு வைத்த பாலிகை. அவர் கைக்குக் குறி எதற்கு? புதனும் வியாழனும் அதே மாதிரி. பெண்ணின் பாலிகை கம்பம் போல நேராக நிற்கும், ஒருவரும் ஒரு பேச்சும் பேச முடியாது என்று திருப்தியாகக் காலேஜுக்குப் போனார்.

வியாழக்கிழமை மாலை வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் சத்தமே இல்லை. சீதாலக்ஷ்மி சாமான் உள்ளின் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கையில் ஒரு சீட்டு. சாம்பசிவன் எழுதி அனுப்பியிருந்தார்: ‘நாளைக் காலை பத்து மணிக்கு வருகிறேன். சில விஷயம் பேச வேண்டியிருக்கிறது.’

"என்னவாம்?" என்றார் பிச்சுமணி.

"சேஷனோட அத்தை பால் தெளிக்க வந்திருந்தா. உள்ளே போய்ப் பாத்தா. ஒரு வார்த்தை பேசலே. காபி கூடக் குடிக்காம எறங்கிப் போயிட்டா."

"என்ன பாத்தாளாம்?"

"என்ன பாப்பா? அஞ்சும் தெற்கே சாஞ்சுண்டு நிக்கறது. என்னோடது நின்ன மாதிரியே."

"சாயாதே!" என்று பிச்சுமணி பதறினார். "சாயவே முடியாதே! நான் தெனம் காலம்பறத் திருப்பி வச்சேனே!"

சீதாலக்ஷ்மி தலை நிமிர்ந்தாள். "நீங்க திருப்பினேளா? நான்னா திருப்பினேன்!"

"நீயா? எப்போ?"

"எழுந்த உடனே. நாலரைக்கு. வெளக்கை எடுத்துண்டு போய், சாஞ்ச பக்கம் வடக்கே பாக்கற மாதிரி வச்சுட்டு வந்துடுவேன். அப்பறம் எட்டு மணிக்குப் போய்ப் பாத்தா மறுபடியும் தெற்கே. நேத்தும் அப்படி, இன்னிக்கும் அப்படி."

நாலரைக்கு அவள் திருப்பியதை ஐந்து மணிக்கு இவர் இருட்டில் திருப்பியிருக்கிறார். பிச்சுமணிக்கு ஈப்பன் சார் முகம் கண் முன்னால் வந்தது. கோலப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதும் வந்தது. அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்து அந்த வீட்டில் ரொம்ப நாளாயிற்று. சிரித்த நேரம்தான் சரியில்லை.

"சிரிக்கறேளா?" என்றாள் சீதாலக்ஷ்மி. "வடக்கே திருப்பி வச்சது மூணு மணி நேரத்துல திரும்பத் தெற்கே போறதேன்னு நான் வயத்துல நெருப்பைக் கட்டிண்டிருந்தேன். என் கை பட்டதுனாலதான்னு நெனச்சேன். நாளைக்கு எவ கையையாவது பிடிச்சுத் திருப்பச் சொல்லலாமான்னு யோசிச்சேன். என் தலையெழுத்து அதுக்கும் ஒட்டிண்டுடுத்தோன்னு…" புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

பிச்சுமணியின் சிரிப்பு நின்றுவிட்டது. இவள் இன்னும் இதைச் சுமந்துகொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். காலேஜ் ஜன்னலில் தொங்குகிற நோட்டுப் புத்தகத்தின் கதையைச் சொன்னார். "ரெண்டு பேர் திருப்பினா யாருமே திருப்பலேன்னுதான் அர்த்தம். வேற ஒண்ணும் இல்லே, கேட்டியா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். "சரி. யாரும் திருப்பலேன்னே வச்சுப்போம். அப்போ நேரான்னா நிக்கணும்? தெற்கே ஏன் போறது?"

நல்ல கேள்வி. காலேஜ் பையன்கள் பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி தோன்றாது.

"ஜன்னல் தெற்கேன்னா இருக்கு" என்றார் பிச்சுமணி.

சீதாலக்ஷ்மி திரும்பி உள்ளுக்குள் பார்த்தாள். சாமான் உள்ளில் புளிப்பானையும் அரிசிக் குதிரும் தேங்காய்க் குவியலும் மங்கலாகத் தெரிந்தன. எதிர்ச் சுவரில் ஒரே ஒரு ஜன்னல், அதில் ஆற்றங்கரைத் தென்னைகளின் மேல் மாலை வெளிச்சம். ஐந்து பாலிகையும் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தன.

"எதிர்வரிசையிலே?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அவாத்துக்கெல்லாம் பின்பக்கம் வடக்கு. ஜன்னலும் வடக்கே."

அவள் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தாள். அப்புறம், "வாயால சொன்னாப் போறாது. எனக்குக் காமிங்கோ" என்றாள்.

பிச்சுமணி பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைத் தேடி எடுத்தார். கிழிந்த குடையின் கறுப்புத் துணியை உள்ளே ஒட்டினார். ஒரு பக்கத்தில் பேனாக்கத்தியால் சக்கரக் காசு அளவுக்கு ஓட்டை போட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு பாலிகையை அதற்குள் வைத்து, ஓட்டை வடக்கே தெருவாசலைப் பார்க்கும்படி கூடத்தில் வைத்து மூடினார். மற்ற நான்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. இந்தத் தடவை பாலிகை விளிம்பில் மஞ்சளால் ஒரு குறியும் போட்டார்.

சீதாலக்ஷ்மி பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து காய் நறுக்கினாள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியில் கை வைத்தாள்.

"தெறக்காதே. தெறந்தா எல்லாப் பக்கமும் வெளிச்சம் பட்டுடும். அதுக்குக் கொழம்பிடும்."

"அதுக்கா? எனக்கா?" என்றாள் அவள்.

பிச்சுமணியும் அடுக்களைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். ஆய்வுக்கூடத்தில் இது தவறியதே இல்லை. ஆனால் அங்கே தவறினால் சார் வேறு விதை போடச் சொல்வார். இங்கே தவறினால் விஜயலக்ஷ்மிக்கு என்ன சொல்வது? அந்தப் பெண் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தாள். ஏழு தேங்காய் ஆகியிருந்தது, ஒருவரும் அவளைத் துருவச் சொல்லவில்லை.

ஒன்பதரைக்கு மூடியைத் திறந்தார்கள். நெல் நாற்று ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பயறும் கடுகும் அதைவிட அதிகமாக வளைந்திருந்தன. தெற்கே போயிருந்த தண்டு பாதியில் மனசு மாறி வடக்கே வளைந்திருந்தது. அடியில் பழைய வளைவு அப்படியே இருந்தது, நுனி மட்டும் இந்தப் பக்கம்.

சீதாலக்ஷ்மி சந்தோஷப்படுவாள் என்று பிச்சுமணி நினைத்தார். அவள் பாலிகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அப்போ அந்த ரெண்டு கொழந்தை?" என்று கேட்டாள்.

கல்யாணமான நாளாக அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடாத பிச்சுமணி, "அது ஜுரம், சீதா. வெறும் ஜுரம். ஜன்னலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லே. உனக்கும் இல்லே" என்றார்.

அவள் அழுதாள். நேற்றைய அழுகை வேறு, இது வேறு. பிச்சுமணிக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது. விஜயலக்ஷ்மி துருவலோடு எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

பத்து மணிக்குச் சாம்பசிவன் வந்தார். ஊஞ்சல் பலகையின் நுனியில் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை. "நான் இதெல்லாம் பெரிசா எடுத்துக்கறவன் இல்லே. ஆனா சேஷனோட அத்தை ஒரே பிடிவாதம் பிடிக்கறா. முகூர்த்தத்தைத் தையிலே வச்சுக்கலாமான்னு…" என்று இழுத்தார். தையில் வைத்துக்கொள்வது என்றால் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

பிச்சுமணி வாயைத் திறப்பதற்குள் சீதாலக்ஷ்மி கூடத்துக்கு வந்துவிட்டாள். சம்பந்தி முன்னால் அவள் நின்று பேசியதே இல்லை. "ஒரு நிமிஷம் இங்கே வந்து பாருங்கோ" என்றாள். பெட்டியைக் காட்டினாள், ஓட்டையைக் காட்டினாள், உள்ளே வடக்கே சாய்ந்த முளையைக் காட்டினாள். பிறகு சாமான் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போய் மற்ற நாலையும் காட்டினாள். "நாலுக்கும் இந்த ஜன்னல், ஒண்ணுக்கு அந்த ஓட்டை. ஒரே மண்ணு, ஒரே விதை, ஒரே பால். உங்காத்துப் பழைய வீட்டிலே சாமான் உள்ளுக்கு ஜன்னல் எந்தப் பக்கம்?"

சாம்பசிவன் கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டுக்குள் போய் வந்தார். "வடக்கே" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "எங்க தெருவிலே அந்த வரிசை முழுக்க வடக்கேதான்" என்றார். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்தது. "அம்பது வருஷமா அவ ஜன்னலுக்கா பெருமை அடிச்சுண்டிருக்கா?" என்று சொல்லி, குடிக்காமல் வைத்திருந்த தண்ணீரை ஒரே மடக்கில் குடித்தார். காபியும் கேட்டார்.

போகும்போது வாசலில் நின்று பிச்சுமணியிடம் குரலைத் தாழ்த்தினார். "இருந்தாலும் அவகிட்ட இந்த விளக்கமெல்லாம் எடுபடாது, கேட்டேளா. பேசாம மத்த நாலையும் அந்தப் பெட்டியிலே வச்சு வடக்கே சாய்ச்சுடுங்கோ. அதுல ஒண்ணும் சாரமில்லே, நான் ஒருத்தர்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பிச்சுமணி தலையாட்டியிருப்பார். "வேண்டாம்" என்றாள் சீதாலக்ஷ்மி உள்ளிருந்து. "வடக்கே சாச்சா வடவரிசை சொன்னது நெஜம்னு ஆயிடும். நான் அஞ்சையும் நடு முத்தத்திலே வச்சுடறேன். மேலேருந்து வெளிச்சம் விழட்டும். எந்தப் பக்கமும் சாய வேண்டாம்."

அப்படியே வைத்தாள். வெள்ளி, சனி இரண்டு நாளில் முளைகள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு முன் அத்தை வந்து முற்றத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கிழக்கே குனிந்து பார்த்தாள், மேற்கே போய்ப் பார்த்தாள். ஒரு திசையும் கிடைக்கவில்லை. "வளத்தியா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சந்தனம் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பந்தியில் கோலப்பன் வந்து உட்கார்ந்து, நவம்பரில் தங்கள் ஊர் மதராஸ் ராஜ்யத்தோடு சேரப் போகிறதைப் பற்றி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நான் தெக்கே சாய வேண்டியதுதான், அய்யரே. நம்மளை யாரு திருப்பி வைப்பா?" தெற்கு என்ற வார்த்தை காதில் விழுந்ததும் அத்தை நிமிர்ந்து பார்த்தாள். பிச்சுமணி அவசரமாக இன்னொரு போளியை அவள் இலையில் போடச் சொன்னார்.

திங்கட்கிழமை மாலை பெண்ணையும் மாப்பிள்ளையையும் கோட்டைக்கு அனுப்பிவிட்டு, பாலிகை கரைக்கத் தெருப் பெண்களோடு பிச்சுமணியும் சீதாலக்ஷ்மியும் ஆற்றுக்குப் போனார்கள். மற்றப் பெண்கள் கரைத்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே படியேறிவிட்டார்கள். சீதாலக்ஷ்மி கடைசிப் பாலிகையைக் கையில் வைத்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். பிச்சுமணி படியில் நின்றார்.

"இந்த ஜன்னல் விஷயம்" என்றாள் அவள், திரும்பாமலே. "இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

போன வாரம் தெரிந்தது என்று சொல்லியிருக்கலாம். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு பொய்யில் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும். ஆனால் தானியக் கடையில் நின்றபோதே அந்த வாய்க்கு அது வரவில்லை.

"நாப்பத்தெட்டுலே" என்றார். "ஆடி மாசம்."

அவள் விரலால் எண்ணவில்லை, ஆனால் எண்ணினாள் என்று அவருக்குத் தெரிந்தது. எட்டு வருஷம். அதில் மூன்று வருஷம் அம்மா உயிரோடு இருந்தாள். ஒவ்வொரு திதிக்கும், ஒவ்வொரு பேச்சுக்கும் இவள் தலையைக் குனிந்துகொண்டு பரிமாறினாள். ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. ‘ஜன்னல் தெற்கேன்னா இருக்கு.’ அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பிச்சுமணிக்கு ஆற்றில் இறங்கி அவள் காலைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை, கரையில் நின்றுகொண்டே இருந்தார்.

சீதாலக்ஷ்மி பாலிகையைத் தண்ணீரில் சாய்த்தாள். மண் கரைந்தது. முளைகள் கொஞ்ச தூரம் மிதந்து, வளைவில் திரும்பிப் போயின. அவள் ஏறி வந்து, அவரைத் தாண்டி, முன்னால் நடந்து வீட்டுக்குப் போனாள். அன்று பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. சோறு போட்டாள், காபி போட்டாள், எல்லாம் நேரத்துக்கு நடந்தது.

புதன்கிழமை பிச்சுமணி வேலைக்குப் போனார். சாயங்காலம் வந்து, வழக்கம்போலச் செருப்பை வாசலில் விட்டு, கை கால் கழுவிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தார். சீதாலக்ஷ்மி காபியைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு உள்ளே போகவில்லை. எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"இன்னிக்குக் காலேஜிலே என்ன பாத்தேள்?" என்றாள். "ஒண்ணு விடாம சொல்லுங்கோ."